கேஸ்கட் என்னுது, வெயிட் அவளுது

பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில்தான்
குடியிருக்கிறோம்.
இருந்தும் எங்கள் லைன் வீட்டில்
என் குக்கருக்கு வெயிட் இல்லை,
துளசிமணி குக்கருக்குக் கேஸ்கட் இல்லை.
ஒரே கம்பெனி, ஒரே ஐந்து லிட்டர்.
கடவுள் பார்த்துச் செய்த பொருத்தம் என்பார்
ஆறாம் நம்பர் வீட்டு டெய்லர் ஈஸ்வரமூர்த்தி,
தன் சம்சாரத்தோடு பத்து வருஷமாய்ப் பேசாதவர்.

காலை ஐந்தரைக்கு என் பருப்பு.
மூன்று விசில்.
ஆவி அடங்கும்வரை பல் தேய்ப்பேன்.
அப்புறம் கேஸ்கட்டைக் கழுவிக் கொடுக்க,
சூடு ஆறாத வெயிட்டைப் பனியன் வேஸ்டில் சுற்றிக்கொண்டு
என் மகன் தர்ஷித்
அடுத்த கதவுக்கு ஓடுவான்.
ஆறேகாலுக்கு அவள் சோறு.
ஏழரைக்குக் கம்பெனி வேன்.
மறுவாரம் அவள் முதலில், நான் பிறகு.
இதை யாரும் எழுதி ஒட்டவில்லை.

இங்கே முக்கால்வாசி இப்படித்தான்.
சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டி ஒன்று
எட்டு வீட்டுக்கும் கைமாறி
ராமேஸ்வரத்தில் கடல் பார்த்தது,
ஒடிசாவில் ஒரு கல்யாணம் பார்த்தது.
பெட்டிக்குச் சொந்தக்காரி
ஈரோடு தாண்டியதில்லை.

சண்டை வந்தது சர்க்கரையால்.
நான் கொடுத்தது கோபுரமாய் ஒரு டம்ளர்.
அவள் திருப்பியது தலைதட்டி.
"அளவுன்னா அளவுதானுங்க" என்றேன்.
"உங்கூட்டுச் சக்கரை
ஊர்ல இல்லாத சக்கரைங்களா?" என்றாள்.
'ங்க' போட்டுத்தான் சண்டை பிடிப்போம்,
எங்கள் பக்கத்தில்
கோபத்துக்கும் மரியாதை உண்டு.

மறுநாள் கேஸ்கட் என் ஆணியில் தொங்கியது.
வெயிட் அவள் சன்னலில் உட்கார்ந்திருந்தது.
தர்ஷித் பழக்கத்தில்
பனியன் வேஸ்டை எடுத்துக்கொண்டு
வாசல்வரை போய்த் திரும்பினான்.
இரண்டு வீட்டிலும் துவரம்பருப்பு
தட்டுப்போட்டு மூடிய சட்டியில்
ஒரு மணி நேரம் முனகியது.
பதினோரு நாள்.
நாற்பது நாள் வரும் சிலிண்டர்
அந்த முறை முப்பத்திநாலில் படுத்தது.
அவளுடையதும்தான்;
காலி சிலிண்டர் உருளும் சத்தம்
சுவர் தாண்டிக் கேட்கும்.
ஒரு கைப்பிடிச் சர்க்கரைக்காக
இருவரும் எரித்த காசைக் கணக்குப் போட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் விடிகாலையில்
ஒடிசாப் பையன் ரஞ்சன் வந்து நின்றான்,
கையில் வெயிட்.
"அக்கா குடுக்கச் சொல்லுச்சு."
எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை.
பருப்பு வெந்ததும்
வெயிட்டும் கேஸ்கட்டும்
அவனிடமே கொடுத்தனுப்பினேன்.
கூடவே ஒரு டம்ளர் சர்க்கரை,
தலைதட்டாமல்.
பாதியை வழியிலேயே சிந்தினான்.
எறும்புக்கு அன்று நோம்பி.

தீபாவளி போனஸ் வாங்கிய சாயங்காலம்
தள்ளுவண்டியில் பார்த்தேன்:
வெயிட் மட்டும், தொண்ணூறு ரூபாய்.
பேரம் பேசி எண்பதுக்கு வாங்கினேன்.
கடுகு டப்பாவின் அடியில் புதைத்தேன்.
எதற்கு வாங்கினேன், எதற்குப் புதைத்தேன்,
எனக்கே தெரியாது.
காலையில் வழக்கம்போல்
துளசிமணி கதவைத் தட்டினேன்.

சித்திரையில்
காங்கேயம் பக்கம் மாரியம்மன் நோம்பிக்குப் போனவள்
வெயிட்டை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள்.
மறதிதான். அவளுக்கும் தெரிந்திருக்காது.
கடுகைக் கிளறி எடுத்தேன்.
ஆறு மாதத்துக்குப் பிறகும் புதுசு,
கையில் பிடித்தால் வழுக்கியது.
முதல் விசிலுக்கே
ரஞ்சன் எட்டிப் பார்த்தான்:
"துளசி அக்கா வந்திருச்சா?"

அடுப்பை அணைத்தேன்.
"இல்லப்பா, வியாழக்கிழமதான் வரும்."
அவன் என் குக்கரைப் பார்த்தான்,
பூட்டிய கதவைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் பல் தேய்க்கப் போனான்.

அரைவேக்காட்டுப் பருப்பைச் சட்டிக்கு மாற்றி
மறுபடி அடுப்பேற்றினேன்.
ஈரம் காயும் முன்பே
வெயிட்டை டப்பாவில் போட்டுவிட்டதால்
அதைச் சுற்றிக் கடுகு அப்பிக்கொண்டது.
வியாழக்கிழமைவரை
தாளிக்கக் கைவிடும் போதெல்லாம்
விரலில் தட்டுப்பட்டது.