கோட்டையூர் தாண்டி

சிவகங்கை ஆஸ்பத்திரி மேசைமேல் ஒரு பலகை.
பத்துக் குழி, பத்து மரத்துண்டு.
அந்தப் பெண் கடிகாரத்தை அமுக்கினாள்.
நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு
சேவுகன் மின்விசிறியைப் பார்த்தான்.

"உன் பேர் என்ன?"
நான் சொன்னேன்.
"அப்பா என்ன வேலை?"
அதையும் நானே சொன்னேன்.
"அம்மா, நான் அவனைக் கேட்டேன்" என்றாள்,
கோபமாக இல்லை,
தராசுத் தட்டில் விரல் வைத்தவளிடம் சொல்வதுபோல.

ஒன்பது வருஷமாக
அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசியிருக்கிறேன்.
பசிக்குதாம். தூக்கம் வருதாம். வெட்கப்படுறான்.
ஒருநாள் ஆறும் ரெண்டும் எவ்வளவு என்று கேட்டுக்
கரண்டியால் அடித்தேன்.
விடையை நானே சொல்லிவிட்டுத்தான் அடித்தேன்.

தாளில் எழுதிக் கொடுத்தார்கள்:
அறுபத்தைந்து விழுக்காடு.
எதில் என்று நான் கேட்கவில்லை.
அவள் சொன்னது இவ்வளவுதான்:
"கேட்டுட்டுக் காத்திருங்க. மெதுவாத்தான் வரும்.
சிலது வராது. அதையும் தெரிஞ்சுக்கங்க."

புதுவயல் மில்லில் நெல் அளக்கையில்
ஒன்று என்று சொல்ல மாட்டோம்.
லாபம், ரெண்டு, மூணு.
அப்படித்தான் எண்ணத் தொடங்கினேன், வாய்க்குள்.
"இட்லியா, இடியாப்பமா?"
லாபம், ரெண்டு, மூணு
— மூணில்தான் எப்போதும் குறுக்கே விழுந்திருக்கிறேன் —
பதினெட்டு, பத்தொன்பது.
"டியாப்பம்."
அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது.
தூக்குவாளியோடு கடைக்கு ஓடினேன்.

நாற்பது வரை எண்ணி
ஒன்றும் வராத நாளும் உண்டு.
இன்றைக்கு என்ன கிழமை என்பது
இதுவரை வந்ததேயில்லை.
அவன் அப்பா தாளை மடித்து
ரேஷன் கார்டுக்குள் வைத்தார்.
பணம் வருமா என்று மட்டும் கேட்டார்.
கேட்டுவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார்.

நேற்று காரைக்குடியில் பஸ் ஏறினோம்.
என் கையில் அரிசிப் பை, வாயில் சில்லறைப் பை.
கண்டக்டர் அவனைக் கேட்டார்: "எங்கே?"
லாபம்.
என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.
பின் சீட்டுக்குப் போய்விட்டார்.
பன்னிரண்டு. இருபது.
எங்கோ எண்ணிக்கை தப்பிவிட்டது.
கோட்டையூர் போய்விட்டது.

ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது
யாருக்கோ மிச்சம் கொடுத்துக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்து
சேவுகன் சொன்னான், பஸ்ஸுக்கே கேட்கும்படி:
"புது... வயல்."

மூட்டையோடு நின்ற ஒருவர் சிரித்தார்.
கண்டக்டர் திரும்பி வந்தார்.
விரலில் எச்சில் தொட்டுக்கொண்டு
அவனையே கேட்டார்:
"ஒண்ணா, ரெண்டா?"

கேட் திறந்துவிட்டது.
லாபம்.