பாதி

சைக்ளோட்ரான் ஓய்ந்துவிட்டது.
இரண்டு மீட்டர்க் கொங்கிரீட்டுக்கு அப்பால்
வாவி, இறால் வலைகள், விடியாத கல்லடிப் பாலம்.

கன ஒட்சிசன் நீரில்
புரோத்தன் மோதிப் பிறந்த புளோரின்
நூற்றுப்பத்து நிமிடத்தில் பாதியாகும்.
நான் அதைச் சுத்தம் செய்வதும்
அந்த நிமிடங்களுக்குள்தான்.

முதற் சோதனையில் கசடு.
கண்ணுக்கில்லை, கருவிக்குத் தெரிந்தது.
இன்னொரு தரம் வடித்தால் தீரும்,
பன்னிரண்டு நிமிடம் போகும்.

வடித்தேன்.

ஈயப் பானையை வானில் ஏற்றிய ஆதம்லெவ்வை கேட்டார்:
"அக்கரைப்பற்றுக்குப் போனா எவ்வளவு மிஞ்சும்?"
சொன்னேன்.
"மறுகா ஏன் இவ்வளவு நேரம் கழுவினீங்க?"
கதவைச் சாத்திவிட்டார், பதிலுக்கு நிற்காமல்.

அங்கே வெறும் வயிற்றோடு இருவர்,
சித்தி றமீசா, கனகேசன்.

எட்டரைக்குப் போன் வந்தது.
நிந்தவூரில் வெட்டுமெசின் ஒன்று
றோட்டுக்குக் குறுக்கே பழுதாகிக் கிடந்ததாம்.
ஒருவருக்குத்தான் போதுமாம்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
மெசின் நின்றது எத்தனை நிமிடம் என்று கேட்டேன்.
நாற்பது.
நாற்பதோடு பன்னிரண்டைக் கூட்டினேன்,
பிறகு கழித்தேன்,
பிறகும் கூட்டினேன்.

கழிவுப் போத்தலில் மிச்சப் புளோரின்
ஒன்றொன்றாய்
பழைய ஒட்சிசனாகிக்கொண்டிருந்தது,
இங்கே எதுவும் நடக்காததுபோல.