மடிப்பு

ஹம்டன் லேனில், மருந்துக்கடைக்கும்
ஃபோட்டோகொப்பிக் கடைக்கும் நடுவில்
ஆறடி அகலம் என் தையல்கடை.
ரயில் போகையில் ஊசி டப்பா நடுங்கும்.
கடல் இரண்டு நிமிட நடை. போவதில்லை.

அளவு எழுத ஒரு கொப்பி:
தோள், மார்பு, இடுப்பு, உயரம், திகதி.
ஆட்கள் மூச்சை இழுத்து வயிற்றை ஒளிப்பார்கள்.
டேப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை.

போன பெப்ரவரியில்
நாலாம் மாடி அன்ரி ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தா.
மகளின் பழைய சட்டைகள் மூன்று கையில்.
"இவளுக்கு ஏத்த மாதிரிப் பிடிச்சுத் தாங்கோ."
பெயர் கேட்டேன்.
பிள்ளை அன்ரியைப் பார்த்தது.
"யோகராணி. பத்தொன்பது வயசு.
ஐசி இருக்கு, ஏஜென்ட் ஒழுங்காத்தான் தந்தவர்."

கையைத் தூக்கச் சொன்னேன்.
முழங்கைக்கு மேலே ஒரு முக்கோணத் தழும்பு.
இஸ்திரிப் பெட்டியின் மூக்கு எனக்குத் தெரியாதா?
உயரம் நாலடி நாலு.
விரலிடுக்கில் சவர்க்காரம் தின்ற தோல்.

"மடிப்பு விட வேண்டாம், தடிப்பாத் தெரியும்.
இனி எங்க வளரப்போறாள்?"

தலையாட்டினேன். கை கேட்கவில்லை.
இருபத்தாறு வருடம் பள்ளிச் சீருடை தைத்த கை அது.
இரண்டங்குலம் உள்ளே மடித்து
ஒளித்துத் தைத்தேன்.

அவ்வளவுதான் செய்தேன்.
பதினோரு மாதம், அவ்வளவுதான்.

விடியுமுன் பால்கனியில் கம்பளம் தட்டுவாள்.
பள்ளி வேனுக்கு வீட்டு மகளின் பையைச் சுமந்து வருவாள்.
வேன் போன பிறகும்
கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள்.
பெருநாள் கழியட்டும் என்றேன் எனக்கு.
பிறகு, வாடகை கட்டி முடியட்டும்.
பிறகு அன்ரி வீட்டுக் கல்யாணம், பதினாலு பிளவுஸ்.

ஜனவரியில் அதே சட்டை திரும்பி வந்தது.
"கட்டையாப் போச்சு. மடிப்பிருந்தா இறக்கி விடுங்கோ.
தின்னுறதுக்கு வளருறாள்!"
சொல்லிவிட்டு, போனோடு வாசலுக்குப் போனா.

டேப்பை வைத்தேன். நாலடி ஏழரை.
பத்தொன்பதுக்குப் பிறகு
எந்தப் பெண் வளர்ந்தாள் மூன்றரை அங்குலம்?

பிரித்த இடத்தில் துணி புதுசாக இருந்தது,
வெயில் பார்க்காத நீலம்.
மெஷினைச் சும்மா ஓடவிட்டு, குனிந்து கேட்டேன்.
"டிலுக்ஷா," என்றாள். "அது அக்கா கார்டுங்க.
நான் ஏழாம் ஆண்டு படிக்கிறேன்."

படித்தேன் என்று சொல்லவில்லை.

ஷட்டரை இழுத்துவிட்டு எண்ணை அழுத்தினேன்:
ஒன்று, ஒன்பது, இரண்டு, ஒன்பது.
சிங்களக் குரல் ஒன்று; பிறகு தமிழ்.
உங்கள் பெயர் சொல்லத் தேவையில்லை என்றார்கள்.
சொன்னேன். குரல் நடுங்கியது, ரயில் போகவில்லை.

வியாழன் இரண்டு பெண் அதிகாரிகள் வந்தார்கள்.
பொலித்தீன் பை ஒன்றும்
சோடி சேராத செருப்புமாய் அவள் இறங்கி வந்தாள்.
"சொந்தப் பிள்ளை மாதிரி வச்சிருந்தம்,
உடுப்பைப் பாருங்கோ" என்றா அன்ரி.
உடுப்பு நான் தைத்தது.

கொப்பி இப்போது நீதிமன்றத்தில்.
முப்பத்தேழாம் பக்கமும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும்
பத்தொன்பது வயதோடு வழக்காடுகின்றன.
ஏஜென்ட் அகப்படவில்லை.
அவளின் அம்மா குவைத்தில்
யாரோ ஒருவரின் பிள்ளைக்குச் சோறூட்டுகிறாளாம்.
நாலாம் மாடியிலிருந்து தைக்க எதுவும் வருவதில்லை,
மூன்றாம் மாடியிலிருந்தும்.

நேற்று இல்லத்திலிருந்து போன்:
பள்ளியில் சேர்க்கிறார்கள், சீருடை வேண்டும்,
அளவு இருக்கிறதா?
கொப்பி இல்லை. அளவு இருக்கிறது.

அந்தப் பதினோரு மாதத்தை
எந்தத் தையலுக்குள் மடிப்பதென்று தெரியாமல்
வெள்ளைத் துணியை விரித்து வெட்டினேன்.
கீழ்மடிப்பு நாலங்குலம்.
தடிப்பாகத் தெரியும்.
தெரியட்டும்.