பூச்சாடி

கொசு மருந்துக்காரன் சொல்லிவிட்டுப் போனான்:
கடிப்பது பெண் கொசு மட்டும்தானாம்,
முட்டைக்கு ரத்தம் வேண்டுமாம்.

சிக்குன்குன்யா.
சேந்தாந்த்ரே முழுக்க முட்டி பிடித்துக் கிடக்கிறது.
கரண்டி தூக்க முடியாமல் ஜோசியான் அழுகிறாள்.
சனவரியில் தீமிதிக்க விரதமிருந்தவன் நான்;
கட்டிலிலிருந்து கழிவறைக்கு மூன்று எட்டு,
அதுவே தீ.

காளி கோயிலுக்குப் போய்க் கேட்டேன்.
கேட்டதென்ன, கத்தினேன்.
கொசுவின் வேண்டுதலையுமா
கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்,
அவளும் தாய் என்றா?

குனிந்தபடிதான் கத்தினேன்,
நிமிர முடியவில்லை.
பூசாரி அதைக் கும்பிடு என்று நினைத்துத்
திருநீறு கொடுத்தார்.

பிறகுதான் கண்டுபிடித்தார்கள்,
எங்கள் தெருவுக்கு எங்கிருந்து வந்ததென்று.
கல்லறைத் தோட்டம், நான்காவது வரிசை,
எங்கள் ரிஷாரின் பூச்சாடி.
ஆறு வருடமாக
ஒரு ஞாயிறு தவறாமல்
ஜோசியான் தண்ணீர் ஊற்றிய சாடி.
உள்ளே புழுக்கள் நெளிந்தன,
அத்தனை உயிரோடு.

வாளியில் மணல் கொண்டுபோனேன்.
மடங்காத விரல்களால் அள்ளி அள்ளி
ஒரு காலைப்பொழுது ஆயிற்று.
சாடியில் மணல். மணலில் இரண்டு அந்தூரியம்.

அவளிடம் சொல்லவில்லை.
சொல்லவும் மாட்டேன்.

நீ எங்களிடம்
சொல்லாமல் வைத்திருப்பதும்
இப்படி ஒன்றுதானா?