ஈரத்தின் எடை

"ஆறு மாசம் காஞ்சது, கண்ண மூடிக்கினு எடு"
என்கிறார் ஓட்டேரி விறகுத் தொட்டி தணிகாசலம்.
கண்ணை மூடினால் எனக்குக்
காது திறந்துகொள்ளும்.

இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டுகிறேன்.
காய்ந்த சவுக்கு என்றால் டணங்கென்று பதில் வரும்.
இது தொப்பென்றது,
மழையில் நனைந்த மெத்தையை
அடித்தாற்போல.

நாளை மதியம் பெரம்பூரில் கல்யாணம்.
ஐந்து தேக்சா பிரியாணி.
ஈரக் கட்டை முனையில் நுரை தள்ளும்,
உறுமும், எரியாது.
புகை போய் அரிசியில் உட்காரும்.
பெண் வீட்டார் அழுவது வழக்கம்தான்,
மாப்பிள்ளை வீட்டாரும் அழுதால்
பாக்கிப் பணம் வராது.

முனையில் வெயில் பிளந்த கோடு
ஒன்றுகூட இல்லை.
பட்டை நகத்துக்கு மசியவில்லை.
கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சில்லென்று.
"கட்டைக்கு ஜுரமா?" என்கிறான் மெர்வின்,
என் மகன், உதவியாள், வாயாடி.
கிலோ எட்டு ரூபாய்.
அதில் மூன்று ரூபாய்க்குத் தண்ணீர் நிறுக்கிறார்.
லாரித் தண்ணீர் இதைவிட மலிவு.

புரட்டினேன்.
வெள்ளைப் பெயிண்டில் மாநகராட்சி போட்ட எண்
பாதியில் அறுபட்டிருந்தது.
பக்கத்தில் துருப்பிடித்த ஆணி.
ஆணியில் கிழிந்த தகரம்.
தகரத்தில் சிவப்பாக: 'ஞ்சர்'.

விட்டுப்போன எழுத்து எனக்குத் தெரியும்.
எங்கள் தெருமுனை, காதர் பாஷாவின் சைக்கிள் கடை,
அதன் தலைக்கு மேல் நின்ற தூங்குமூஞ்சி மரம்.
போன மாதப் புயலில்
விடியற்காலை மூன்றரைக்கு
கரண்ட் கம்பியையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது.
இருட்டில் ஜன்னலைப் பிடித்தபடி
அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான்.

"ஆறு மாசமா?"

தணிகாசலம் தராசுத் தட்டைத் துடைத்தார்.
"அது நின்னபடியே பட்டுப்போன மரம்மா."

"விழுறதுக்கு மொத நாள் சாயங்காலம்
எலைய மூடிக்கினு தூங்குச்சே,
பட்டுப்போன மரமா தூங்கும்?"

அவர் பேசவில்லை.
பின்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கி
வேறு கட்டை கொண்டுவந்தார்.
தட்டினேன்.
டணங்.
விலை ஒரு ரூபாய் கூட.
கொடுத்தேன்.

மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டுத் திரும்பினால்
மெர்வின் அந்த ஈரக் கட்டைமேல் காலை ஊன்றி
ஆணியோடு தகரத்தைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான்.

"எதுக்குடா?"

"பாஷா பாய்க்கும்மா.
ப மட்டும் எழுதிக்கினா போதும்."