துருவமான்கள் வழிவிடவில்லை

இனாரி ஏரிக்குப் பத்தடி தள்ளி
வெய்க்கோ வண்டியை நிறுத்தினார்.
அஞ்சலட்டை மாதிரி இருக்கிறது என்றார்.
அஞ்சலட்டையில் கொசு தெரியாது என்று
நான் அப்போது சொல்லவில்லை.
சோதன்கிலாவிலிருந்தே
எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஜன்னலைத் திறந்தே வைத்தது யார்,
சண்டை அவ்வளவுதான்.
முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில்
இதைவிடப் பெரிய சண்டைகள்
இதைவிடச் சீக்கிரம் ஆறியிருக்கின்றன.
அவற்றுக்கெல்லாம் அரிப்பு கிடையாது.

இரவு மணி பதினொன்று.
சூரியன் ஏரிமேல் உட்கார்ந்திருக்கிறது,
வீட்டுக்குப் போக மனமில்லாத விருந்தாளி.
கதவுக்கு வெளியே ஒரே ரீங்காரம்.
மின்கம்பத்தடியில் காதை வைத்தால் கேட்குமே
அந்தச் சத்தம்.

காப்பிக் கெண்டியின் பிடி கிழித்த வலையை
பல்லிடுக்கு நூலால் தைத்தேன்.
அந்த மூலைக்கு மட்டும் புதினா மணம்.
கால்சட்டையைக் காலுறைக்குள் செருகினேன்.
வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி;
கண்ணாடியில் பார்த்தால்
யாரோ பேக்கரிக்காரி.
வெய்க்கோ பைன் தாரெண்ணெயை
கழுத்து, காது, மணிக்கட்டு என்று பூசிக்கொண்டு
பழைய படகுபோல நாறினார்.
படகென்று நினைத்து
கொசுக்கள் அவர்மேல் ஏறிக்கொண்டன.

நான்கு மணிக்கு அவர் நெற்றியில் ஒன்று உட்கார்ந்தது.
ஓங்கி அடித்தேன்.
மூன்று நாளாக அடிக்க நினைத்த இடம்.
திகைத்துப் பார்த்தார்.
உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்:
நசுங்கிய இறகு, ஒரு சிவப்புப் பொட்டு.
"நன்றி" என்றார்.
பிறகு திரும்பி உட்கார்ந்து,
"முதுகில், நடுவில், கை எட்டவில்லை."
சொறிந்துவிட்டேன்.
இன்னும் கொஞ்சம் மேலே என்றார்.
பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது.

விடிந்தது என்று சொல்ல முடியாது,
ஆனாலும் கிளம்பினோம்.
ஏரியை விட்டுச் சாலை மேடேறும் இடத்தில்
இருபது துருவமான்கள், நட்டநடுவில்.
வெய்க்கோ ஹாரன் அடித்தார்.
ஒன்று மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
அசைபோடப் போய்விட்டது.

பின்னால் நாலுசக்கர பைக்கில் வந்தவள்
எஞ்சினை அணைத்தாள்.
மான்கள் அவளுடையவைதாம்; விரட்டவில்லை.
ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள்.
பிரெத் என்று பிறகு பெயர் சொன்னாள்.
நான் பார்த்தது அவள் தலையை.
வலை இல்லை. தொப்பிகூட இல்லை.
முடி மட்டும் ஒரு பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது.

முடி பறந்துகொண்டிருந்தது!

என் பெயர் தூலிக்கி.
எங்கள் மொழியில் தூலி என்றால் காற்று.
அறுபத்திரண்டு வருடம் சுமந்த பெயர்,
ஒரு நாளும் உதவிக்கு வந்ததில்லை.
கதவைத் திறந்து இறங்கினேன்.
மூன்று நொடி. ஐந்து நொடி.
ஒன்றும் கடிக்கவில்லை.

அங்கேயே தங்கிவிட்டோம்,
சாலைக்காரர்கள் சரளை அள்ளிய குழியின் விளிம்பில்.
ஒரு பக்கம் செல்போன் கோபுரம்,
மறுபக்கம் துருப்பிடித்த பீப்பாய்.
எந்த அஞ்சலட்டையும் சேர்த்துக்கொள்ளாத இடம்.
முதல்முறையாக நாற்காலியை வெளியே போட்டு
உருளைக்கிழங்கும் வெண்மீனும் தின்றோம்.
தட்டுக் காகிதம் பறக்காமலிருக்க
வெய்க்கோ தன் செருப்பை வைத்தார்.
ஏரி கீழே, தொலைவில், அழகாகத்தான் இருந்தது.
அங்கே ஒரு புது வண்டி
தண்ணீரை ஒட்டி நின்றுகொண்டிருந்தது.
பாவம் என்றோம் இருவரும்,
ஒரே நேரத்தில், கொஞ்சம் சந்தோஷமாக.

இரவு இரண்டு மணி இருக்கும்.
செருப்புக்கடியில் படபடத்த காகிதம்
சும்மா கிடந்தது.
படுத்திருந்த மான்களில் ஒன்று காதை உதறியது.
பிறகு இன்னொன்று.
பிறகு எல்லாம் எழுந்து
மேலே, மொட்டை மலையைப் பார்த்து நடந்தன.

"வெய்க்கோ," என்றேன்
நாற்காலியை மடித்துக்கொண்டே,
"சாவி எங்கே?"