தூரத்துச் சொந்தம்

பெல்லந்தூர் ஏரியின் நுரையை
புட்டியில் அள்ளி மூடினோம்
நானும் முனிவெங்கடப்பாவும்.
காற்று வீசி ஒரு கட்டி நுரை பறந்து
ஸ்கூட்டர்காரர் ஹெல்மெட்டில் உட்கார்ந்தது.
அவர் எங்களைத்தான் திட்டினார்.

மூன்று வாரம் கழித்து அந்த நுரை
அறுநூற்றுப் பன்னிரண்டு வரிசைகளாக
எலஹங்காவில், என் மடிக்கணினியில்.
ஏ டி ஜி சி, ஜி ஜி ஏ டி,
ஜுரத்தில் பிதற்றுவது போல
ஒவ்வொன்றும் இருநூற்றைம்பது எழுத்து.

இவற்றுக்கு உறவு தேட வேண்டும்.
கடல் தாண்டி ஒரு சர்வரில்
இதுவரை படித்த உயிர்களின் எழுத்தெல்லாம் இருக்கிறது.
கேட்டால் சொல்லும்.
ஓயாமல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும்.
அதனால் பைத்தானில் இருபத்தேழு வரி எழுதினேன்:
ஒன்றை அனுப்பு, பதிலுக்குக் காத்திரு,
0.01க்குக் கீழே என்றால் சொந்தம்,
பத்து நொடி தூங்கு,
அடுத்தது.

தூங்கு என்று எழுதியவள் தூங்கவில்லை.

அந்த எண் தற்செயலின் அளவு.
இப்படியொரு ஒற்றுமை
சும்மாவே எத்தனை முறை வாய்க்கும் என்பது.
சிறியதென்றால் ரத்த பந்தம்.
பெரியதென்றால்
ரயிலில் எதிர் சீட்டில் பார்த்த முகச்சாயல்.

பதினொரு மணிக்கு வாட்ச்மேன் சித்தலிங்கா எட்டிப் பார்த்தார்.
"ஊட்டா ஆயித்தா?"
ஆயித்து என்றேன். ஆகவில்லை.
கரண்ட் போனது, யுபிஎஸ் கத்தியது, கரண்ட் வந்தது.
திரையில் இருநூற்று எழுபத்தொன்பது.

மூன்று பத்துக்கு எல்லாம் முடிந்தது.
அறுநூற்றொரு வரிசைக்கு யாருமில்லை.
யாருமே இல்லை!
ஒரு ஏரி முழுக்க
உலகம் பார்க்காத உயிர்கள்,
நான் அள்ளி வந்தவை.
ஷெனாய் மேடத்துக்கு மெயில் அடித்தேன்,
மூன்று ஆச்சரியக்குறி, ஒன்றைக் குறைத்தேன்.
அனுப்புவதற்கு முன்
நாற்பதாவதற்கு ஒரு பெயரும் யோசித்துவிட்டேன்,
என் இனிஷியலோடு.

பெயர் வைத்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் ஆசையில்
அதை மட்டும் கையால் ஒட்டித் தேடினேன்.
ஒரு நிமிஷம்.
நூறு சொந்தக்காரர்கள் வந்து நின்றார்கள்.
முதல் ஆள் ஏதோ ஊர்ச் சாக்கடையில் எடுத்தது,
அச்சு அசல்.
2e-127 என்றிருந்தது எண்.
புள்ளி வைத்து, நூற்றிருபத்தாறு பூஜ்யம் வைத்து,
அப்புறம் ஒரு இரண்டு.

சர்வர் தந்தது எழுத்து.
வரம்பையும் எழுத்தாகவே தந்திருந்தேன்.
எழுத்தும் எழுத்தும் அகராதி வரிசையில் நின்றன.
அது இரண்டில் தொடங்குகிறது,
0.01 பூஜ்யத்தில்.
ஆகவே அது பெரியது, ஆகவே அந்நியம்.
பிழைச்செய்தி இல்லை, முணுமுணுப்புகூட இல்லை,
சொன்னதைச் செய்தது.

0.003, 0.008 என்று வந்த பதினோரு பேர்,
யார் வீட்டுப் பத்திரிகையென்றே தெரியாத தூரத்துச் சொந்தங்கள்,
முதல் பந்தியில் இலை முன்னால்.
கூடப் பிறந்தவர்கள் அத்தனை பேரும்
மண்டப வாசலில், செருப்போடு.

ஒரே ஒரு சொல்தான் திருத்தம்:
இது எண் என்று சொல்ல வேண்டும்.
சொன்னேன். மெயிலை அழித்தேன்.
பிறகுதான் நினைவு வந்தது,
பதில்கள் எதையும் சேமிக்கவில்லை.

மறுபடியும் ஒன்றிலிருந்து.
விடிந்தது. தண்ணீர் லாரி வந்தது.
ஷிஃப்ட் மாறி வந்தவர் கேட்டார், "திண்டி ஆயித்தா?"
சாக்கடை, சாக்கடை, மனிதக் குடல்,
பெயர் வைக்கப்படாத நுண்ணுயிர், மனிதக் குடல்.
ஏரியைச் சுற்றி எத்தனை மாடி, எத்தனை ஃபிளஷ்!

பத்தரை மணிக்கு முந்நூற்று எண்பத்தெட்டு.
குடல் கிருமி இல்லை, மனிதனே.
மைட்டோகாண்ட்ரியாத் துண்டு,
தாய்வழியில் வருவது.
அன்றைக்கு ஒரு கையுறை கிழிந்தது.
என்னுடையதா, முனிவெங்கடப்பாவுடையதா?
பாட்டிலை நான் பிடித்தேன்,
மூடியை அவர் திருகினார்.

இதை நீக்க இன்னொரு வரி எழுத வேண்டும்.
எழுதுவேன், டீ குடித்துவிட்டு.
அதற்குள் ஸ்கிரிப்ட்
சொந்தம் என்று குறித்துவிட்டு
பத்து நொடி தூங்கப் போனது.